ஏழாங்கட்டை முனி என் காதில் சொன்னது

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கிள்ளானில் ரயில் ஏறினேன். கோலாலம்பூரில் இறங்கி ஈப்போ வழியாகப் போகும் விரைவு ரயிலுக்கு மாறினேன். கட்டணம் முப்பத்தைந்து ரிங்கிட்டைத் தாண்டியது. பேருந்தில் போயிருந்தால் குறைவாக முடிந்திருக்கும். ஆனால் முதல்நாள் மாலை அண்ணி தொலைபேசியில் பேசிய விதம் பேருந்துக்குக் காத்திருக்க விடவில்லை.

"தம்பி, திங்கக்கெழம காலையில எட்டு மணிக்கு ஆஸ்பத்திரில கட்டில் போட்டு வச்சிருக்காங்க. உங்கண்ணன் வர மாட்டேங்கிறாரு. நீங்க வந்து சொன்னா கேப்பாரு."

நான் சொல்லி மணியண்ணன் எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நான் யாரிடமும் எதையும் அதிகம் சொல்கிற ஆளும் இல்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தேன். இப்போது துறைமுகத்துக்குப் பக்கத்துக் கிடங்கு ஒன்றில் பெட்டி அடுக்குகிறேன். பெட்டிகளோடு பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆனாலும் அண்ணனுக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். மனைவிக்குப் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் விடுப்புக் கிடைக்கவில்லை. தனியாகக் கிளம்பினேன்.

அண்ணனுக்குப் பல வருடமாக இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. வலது காலில் ஏற்பட்ட புண் ஆறாமல் பெருவிரலும் பக்கத்து விரலும் கருத்துவிட்டன. இப்போதே பாதத்தின் முன்பகுதியை எடுத்துவிட்டால் மீதிக் காலைக் காப்பாற்றலாம், தள்ளிப்போட்டால் முழங்காலோ உயிரோ போகும் என்று ஈப்போ மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அண்ணன் வர மறுப்பதற்குக் காரணம் பயம் இல்லை. ஏழாங்கட்டைத் தோட்டத்து முனீஸ்வரன்.

ரயிலில் என் பக்கத்தில் ஒரு பெரியவர். தேய்த்த சட்டை, மடியில் ஒரு டப்பா நிறைய முறுக்கு. யாழ்ப்பாணத்து வழி வந்தவர், அரசாங்க அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், தைப்பிங்கில் மகள் வீட்டுக்குப் போகிறார் என்பதையெல்லாம் ரவாங் வருவதற்குள் அவரே சொல்லிவிட்டார். பேரனுக்குப் பரீட்சையாம். வழியில் ஒரு பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்துவிட்டு வருகிறாராம்.

"நீங்கள் எங்க இறங்குறீங்கள்?"

"ஈப்போ."

"கோயில் விசயமோ?"

ஏன் அப்படிக் கேட்டாரோ தெரியாது. எனக்கும் சொல்ல வேண்டும் போலிருந்தது. அண்ணன் சம்சுச் சாராயம் குடித்துச் சீரழிந்ததையும், ஒரு திருவிழாவில் முனிக்குக் காப்புக் கட்டிக்கொண்டதையும், அன்றே முனி அவர்மேல் இறங்கியதையும், அதற்குப் பிறகு சம்சுவைத் தொடாததையும் சொன்னேன். புண்ணைப் பற்றிச் சொல்லவில்லை.

"பாத்தீங்களே," என்று பெரியவர் என் முழங்காலைத் தட்டினார். "நான் பிள்ளையளுக்குச் சொல்லுறது இதுதான். கடவுள் இருக்கிறாரெண்டு வச்சுக்கொள்ளு. இருந்தா லாபம். இல்லாட்டி உனக்கு என்ன நட்டம்? ரெண்டு தேங்காய், ஒரு கற்பூரம்."

நான் தலையாட்டினேன். சும்மா ஆட்டவில்லை. என் எண்ணமும் இத்தனை காலம் அதுவாகத்தான் இருந்தது. அண்ணனை வாய்க்காலில் இருந்து தூக்கி வந்து படுக்க வைத்தவன் நான். அவர் நிமிர்ந்து நடப்பதற்கு ஒரு முனி தேவைப்பட்டால், அந்த முனி உண்டா இல்லையா என்று கேட்பது எனக்குத் திமிராகப் பட்டது. மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று யார் கேட்கிறோம்?

பெரியவர் முறுக்கு கொடுத்தார். நன்றாக இருந்தது.

ஈப்போ நிலையத்தில் பத்தரைக்கெல்லாம் இறங்கினேன். வெள்ளையாகச் சுண்ணாம்பு அடித்த அந்தப் பெரிய கட்டடத்தின் முன்னால் நின்று எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளூர்ப் பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். கால் மணி நேர நடை. கம்பார் போகும் பேருந்தில் கோப்பெங்குக்கு மூன்று ரிங்கிட் சொச்சம். ஓட்டுநர் மலாய்க்காரர். சில்லறை இல்லை என்றதும் "பரவாயில்லை, அடுத்த தடவை கொடு" என்றார் மலாயில். அடுத்த தடவை எப்போது வருவேனோ. ஒரு கடையில் ஓடிப்போய்த் தண்ணீர்ப் போத்தல் வாங்கிச் சில்லறை மாற்றி வந்தேன். அதுவரை வண்டியை நிறுத்தி வைத்திருந்தார்.

சிம்பாங் பூலாயைத் தாண்டும்போது சுண்ணாம்பு மலைகள் இரண்டு பக்கமும் தெரிந்தன. கல் உடைக்கும் இடங்களில் மலை பாதியாக நிற்கிறது. சாலையோரச் செடிகளின் இலைகளில் வெள்ளைத் தூசு. ஈப்போவில் இருந்து கோப்பெங் இருபது கிலோமீட்டர்தான். ஆனால் பேருந்து எல்லா இடத்திலும் நின்று நின்று போனது.

கோப்பெங்கில் தனபால் வேனோடு காத்திருந்தான். தனபாலும் அண்ணனும் ஒன்றாக ரப்பர்ப் பால்மரம் வெட்டியவர்கள். இப்போது அவன் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் முனி கோயிலுக்குப் பூசாரி.

"என்னாண்ணே, எளச்சிட்டீங்க. கிள்ளான்ல சோறு இல்லியா?"

"இருக்கு."

"பேச்சும் அங்கயே வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்று சிரித்தான். பிறகு கியரை மாற்றிக்கொண்டே, "மணி மச்சானுக்கு ரொம்ப சூசாலாண்ணே, கஷ்டந்தான். கிட்டப் போனா வாடை வருது" என்றான்.

தோட்டம் அங்கிருந்து ஆறு கிலோமீட்டர். ஏழாவது மைல் கல்லை ஒட்டி இருந்ததால் அதற்கு ஏழாங்கட்டை என்று பெயர். இப்போது கல்லும் இல்லை, ரப்பர் மரமும் இல்லை. செம்பனை வந்து, அதில் பாதியும் போய், ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நிற்கும் தாமான் வந்திருக்கிறது. தொழிலாளர் லயத்து வீடுகளில் இருந்தவர்களுக்கு அதில் ஓரத்து வரிசை கிடைத்தது. பால் நிறுக்கும் ஸ்டோர் இடிந்து கிடக்கிறது. அதன் பின்னால் அரசமரத்தடியில் முனி மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது. புதுச் சாயம், தகரக் கூரை, மின்விசிறி.

அண்ணன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பாதத்தில் கட்டு, கட்டின்மேல் ரொட்டிப் பை. ஈ வராமல் இருக்கவாம்.

"வாடா சின்னா. இவ கூப்டாளா?"

"திருவிழாவுக்கு வந்தேன்."

"என்னிக்கி வந்த நீ திருவிழாவுக்கு?"

உண்மைதான். எனக்குக் கூட்டம் ஆகாது. பத்துப் பேர் பார்க்க விபூதி வாங்கக்கூட முடியாது. அதனால் சிறுவயதிலேயே கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். போகாததைப் பார்த்துத் தோட்டத்தில் எனக்கு நம்பாதவன் என்று பெயர் வைத்தார்கள். அதை மறுத்துப் பேசவும் கூச்சம். பெயர் முதலில் வந்தது, நம்பாமல் போனது அதற்குப் பிறகு வந்தது.

அன்று மாலை தேநீர் குடிக்கும்போது அண்ணிதான் பேச்சை ஆரம்பித்தார். அவருக்குக் கேலி பண்ணாமல் எதையும் தொடங்கத் தெரியாது.

"இத்தன வருஷமா முனி இந்த வூட்ல சாப்டுது தம்பி. ஒரு நாளு எனக்கு லாட்டரிக்கு நாலு நம்பர் சொல்லிருக்குமா? ஊருக்கெல்லாம் சொல்லுது. ஒரே ஒரு தடவ அடிச்சிருந்தா பிரைவேட் ஆஸ்பத்திரிக்கே போயிருக்கலாம்."

நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை.

"காலுல பாதிய வெட்டி பொத்தோங் பண்ணணும்ங்கிறாங்க," என்று என்னிடம் சொன்னார். "கொறையுள்ள ஒடம்புல முனி எறங்காது. அது ஒனக்கும் தெரியும். எனக்கு முன்ன ஆடுன சடையனுக்கு கைவெரல் போன பெறகு வந்துச்சா? வரல."

"வரலேன்னா என்னண்ணே? உயிரு இருக்கும்ல?"

"முனி வரலேன்னா எனக்கு சம்சு வந்துரும்டா." மிக நிதானமாகச் சொன்னார். "ஒவ்வொரு நாளும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு நாக்கு கேக்குது. இன்னிக்கும் கேட்டுச்சு. நான் முனியோட ஒடம்பு, இதுல ஊத்தக் கூடாதுன்னு ஒக்காந்துக்கிறேன். அந்த ஒண்ணும் இல்லேன்னா எத வச்சு ஒக்காருவேன்? மாத்திர முழுங்கிட்டு குடிப்பேன். மறுபடி இவள அடிப்பேன். அதுக்கு இப்பிடியே போறேன். கணக்கு சரியா இருக்கா, சொல்லு."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ரயிலில் நான் தலையாட்டிய அதே கணக்கு, இன்னும் கொஞ்ச தூரம் கூட்டிப் பார்த்தது. அண்ணி குவளைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சனிக்கிழமை முழுவதும் கோயிலில் மறுநாள் திருவிழாவுக்குப் பந்தல் வேலை. நான் கயிறு கட்டினேன், யாரிடமும் பேசாமல் செய்யக்கூடிய வேலை. அண்ணனின் இரண்டு பெண்களும் தத்தம் புருசன் வீடுகளில் இருந்து பேசினார்கள். தொலைபேசியில் அழுதார்கள். அண்ணன் "நல்லாருக்கேன், நல்லாருக்கேன்" என்று வைத்துவிட்டார். மதியம் அண்ணி என்னை ஸ்டோர்ப் பக்கம் அழைத்தார்.

"தம்பி, நாளைக்கு முனி எறங்கும். நீங்க வரிசையில நின்னு கேளுங்க."

"என்ன கேக்க?"

"கால எடுக்கலாமான்னு. இவரு யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு. அது சொன்னா கேப்பாரு."

"அது சொல்றது அண்ணன் வாயாலதான அண்ணி?"

"யாரு வாயா இருந்தா என்ன, சொன்னாச் சரி." பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கு முனி இருக்கா இல்லியான்னு தெரியாது தம்பி. நான் கும்புட்டது இவரு குடிக்காம வர்ற சாயங்காலத்தத்தான். ரத்த ஒறவு கேட்டா எரங்கும்னு தனபால் சொல்றான். நான் கேட்டா குறி சொல்லாது, பொண்டாட்டிக்கு சொல்ற வழக்கம் இல்ல."

ஏழாங்கட்டையில் இன்னொரு வழக்கமும் உண்டு. வேறு தோட்டங்களில் சாமி ஊரே கேட்கக் குறி சொல்லும். இங்கே கேட்பவன் காதில் மட்டும் சொல்லும். இதற்குப் பெரிய சாத்திரம் ஒன்றும் இல்லை. ஒருவருக்குச் சொன்ன நான்கு எண்களைப் பக்கத்தில் நிற்பவர்களும் கேட்டுப் போய்க் கட்டினால் பலிக்காது என்று எல்லாரும் நம்பினார்கள். அதனால் முனி காதில் சொல்லப் பழகிக்கொண்டது. குறி சொல்லும்போது பம்பையும் உறுமியும் உச்சத்தில் இருக்கும், மற்றவர் காதில் விழாதபடி. ஆடியவருக்கும் சாமி மலையேறிய பிறகு எதுவும் நினைவிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் பூசை. வெயில் சுள்ளென்று அடித்தது. அண்ணன் சிவப்பு வேட்டியும் சலங்கையுமாக வந்தார். வந்ததும் குனிந்து காலில் இருந்த கட்டைத் தானே அவிழ்த்துப் போட்டார். முன்னால் நின்ற சிலர் மூக்கைப் பொத்தப் போய், உடனே கையைக் கூப்பிக்கொண்டார்கள்.

தனபால் வேப்பிலையை வீசி அழைத்தான். உறுமி இழுத்தது. அண்ணனின் தோள் முதலில் குலுங்கியது, பிறகு கழுத்து. ஒரு கூவல். சுருட்டைப் பற்ற வைத்துக் கொடுத்தார்கள். இரண்டு பேர் அரிவாளைத் திருப்பிப் பிடிக்க, அதன் கூர்மேல் ஏறி நின்றார். கருத்த விரல்கள் அரிவாளுக்கு வெளியே தொங்கின.

"புண்ணுக் காலோட ஏறி நிக்குது பாரு, அதான்டி சக்தி," என்று எனக்குப் பின்னால் ஒரு பெண் விம்மினாள்.

அண்ணனின் பாதங்களில் உணர்ச்சி செத்துப் பல வருடம் ஆகிறது என்று மருத்துவர் அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். ஊசியால் குத்திக் காட்டினாராம். நோயை நாங்கள் சக்தி என்று கும்பிட்டிருக்கிறோம். யாரிடம் சொல்வது?

நான் எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், அல்லது பார்ப்பது போல எனக்கு இருந்தது. "மணி தம்பியா? நம்பாத ஆளாச்சே!" என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னது கேட்டது. எனக்கு முன்னால் நின்றவர் மகனுக்குக் கமுந்திங் தொழிற்சாலையில் வேலை கிடைக்குமா என்று கேட்டார். அவருக்கு முன்னால் நின்றவர் எண்தான் கேட்டிருக்க வேண்டும். திரும்பும்போது உதடு முணுமுணுக்க, யாரையும் பார்க்காமல் ஓடினார்.

என் முறை வந்தது. அண்ணன் என் கழுத்தைப் பிடித்து இழுத்தார். சுருட்டு நாற்றம், அதற்குக் கீழே புண்ணின் நாற்றம். கண் என்னைப் பார்க்கவில்லை. ஒருவழியாக அவர் காதருகில் கேட்டேன்.

"எங்கண்ணன் கால டாக்டர் எடுக்கணும்ங்கிறாரு. எடுக்கலாமா?"

ஆட்டம் சட்டென்று நின்றது. கழுத்தைப் பிடித்த கை இறுகியது. என் காதில் வாய் வந்து ஒட்டியது. சாமிக்குரல் என்று ஒரு குரல் உண்டு, தொண்டையை அடைத்துக்கொண்டு வருவது. அந்தக் குரல் இல்லை அது. பால் வாளியைச் சுமந்துகொண்டு என்னோடு நடந்து வருவாரே, அந்த அண்ணனின் குரல்.

"எடுத்துரச் சொல்லு. கால் எனக்கு எதுக்கு? எனக்கு ஆள் வேணும்."

பிறகு நெற்றியில் சாம்பலை அறைந்து என்னைத் தள்ளினார். எலுமிச்சம்பழம் எங்கோ உருண்டது.

நான் ஸ்டோர்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். முனி பேசியதா, உயிர் பிழைக்க ஆசைப்பட்ட அண்ணன் வேறு எப்படியும் கேட்க முடியாததை அந்த வாயால் கேட்டுக்கொண்டாரா, எனக்குத் தெரியவில்லை. அப்போது அந்தக் கேள்வியும் வரவில்லை. வேலை முடிந்தது என்று சந்தோசப்பட்டேன். அண்ணியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

மூன்று மணிக்குக் கூட்டம் கலைந்தது. அண்ணன் பந்தலுக்குக் கீழே படுத்திருந்தார். உடம்பு கொதித்தது. அண்ணி புதுக் கட்டுப் போட்டார். நானும் அவரும் முனி சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னோம்.

அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நல்லா பேசி வச்சிருக்கீங்க."

"சத்தியமாண்ணே."

"எது மேல சத்தியம்?"

"முனி மேலதான்."

"நீதான் முனிய நம்ப மாட்டியே. அப்பறம் அது மேல சத்தியம் பண்றதுல ஒனக்கு என்ன பயம்?"

அண்ணி கத்தினார். "நான் பண்றன், கற்பூரம் கொளுத்துங்க!"

"நீயா?" அண்ணன் கோபப்படவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. "நீ என்னிக்கி நம்புன? ஒனக்கு நான் குடிக்காம இருந்தா போதும். அதுக்கு முனின்னாலும் சரி, மூதேவின்னாலும் சரி. இப்ப ஒனக்கு நான் ஆஸ்பத்திரிக்கு போனா போதும். அதுக்கும் முனிய கூப்டுக்கிட்ட. தப்பு சொல்லல. நல்லதுக்குத்தான் பண்ற. ஆனா நல்லதுக்கு எத வேணாலும் சொல்ற ஆளு சொல்றத நான் எப்பிடி நம்ப?"

அண்ணி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான் தனபாலைத் தேடிப் போனேன். கோயில் முன்னால் உதிர்ந்த பூக்களைக் கூட்டிக்கொண்டிருந்தான். தனபால் நம்புகிறவன். வேன் சாவியைக்கூட முனி காலடியில் வைத்துத்தான் எடுப்பான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் அண்ணன் அன்றைக்கே கிளம்பிவிடுவார்.

"நீ பக்கத்துலதான நின்ன? நீயும் கேட்டேன்னு சொல்லு."

"நான் கேக்கலியேண்ணே. உறுமி சத்தம். சாமி வாய் அசைஞ்சது பாத்தேன், அவ்ளதான்."

"அது சொன்னது நெசம், தனபால். நான் காதால கேட்டேன். நீ சொல்றதால பொய் ஆயிராது."

"ஒங்களுக்கு ஆகாது." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தான். "எனக்கு ஆகும். கேக்காதத கேட்டேன்னு அது முன்னாலயே சொல்லச் சொல்றீங்க. அப்பிடி நான் சொல்ற ஆளா இருந்தா மச்சான் என்னையும் நம்ப மாட்டாருலாண்ணே."

"ஒரு உயிரு."

"தெரியுது. ராத்திரி பூரா எனக்கு தூக்கம் வராது, அதுவும் தெரியுது." அவன் கண் நிறைந்திருந்தது. "ஒண்ணு செய்யலாம். சாயங்காலம் மறுபடி அழைப்போம். மோளம் இல்லாம. எல்லாரும் கேக்கட்டும்."

அண்ணன் இதற்கு ஒத்துக்கொண்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்தார்.

ஆறு மணி. அரசமரத்தில் மைனாக்கள் அடைகிற சத்தம். தனபால் உடுக்கையை மெல்ல அடித்துக் கூப்பிட்டான். அண்ணன் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். காய்ச்சலில் உடம்பு நடுங்கியது. அது வெறும் நடுக்கம். தனபால் வேப்பிலையால் துடைத்தான், பாடினான், கெஞ்சினான், கடைசியில் முனியைத் திட்டினான். அண்ணி தரையில் விழுந்து கும்பிட்டார். நானும் கைகூப்பினேன். அப்போது எதையும் கணக்குப் பார்க்காமல் கூப்பினேன் என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஒன்றும் வரவில்லை. கூப்பிட்டு வாங்குகிற பொருளா அது? அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"வரல," என்றார். "காலையில சொல்லியிருந்தா இப்ப வந்து சொல்லாதா?"

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கே தனபால் வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். பள்ளிப் பிள்ளைகளுக்கு வேறு ஒருவனை அனுப்பியிருந்தான். அண்ணி குளித்து, நல்ல சேலை உடுத்தி, துணிப்பையோடு படியில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தார். ஏழு மணி ஆயிற்று, எட்டு ஆயிற்று. எட்டரைக்கு மருத்துவமனையில் இருந்து தொலைபேசி வந்தது. அண்ணி எடுத்துக் கேட்டுவிட்டு, "தெரிமா காசி" என்று மலாயில் நன்றி சொல்லி வைத்தார். கட்டிலை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு மறுநாள் வேலை. மதிய ரயிலுக்குக் கிளம்பினேன். செருப்பை மாட்டும்போது அண்ணன் கூப்பிட்டார்.

"சின்னா."

"என்னாண்ணே?"

"நெசமாவே சொல்லுச்சா?"

"சொல்லுச்சுண்ணே. ஆள் வேணும்னு சொல்லுச்சு."

என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். ஏதோ ஒன்றை அதில் தேடுகிற மாதிரி. பிறகு தலையை ஆட்டினார்.

"நீ நம்புறவனா இருந்திருக்கக் கூடாதாடா," என்றார்.

நான் வேனில் ஏறினேன். தனபால் ஈப்போ வரை ஓட்டினான். நிலையத்தில் இறக்கிவிட்டு, சாப்பிட வாழை இலையில் கட்டிய பொங்கலைக் கொடுத்தான். முனிக்குப் படைத்தது. ரயிலில் தின்றேன். பசித்தது.

இருட்டும் நேரத்தில் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தேன். இங்கே என் வீட்டில் முனி கிடையாது. மனைவி வைத்திருக்கும் படங்கள் உண்டு, விளக்கு உண்டு, வெள்ளிக்கிழமை சாம்பிராணி உண்டு. அவள் சந்தோசத்துக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று நான் ஒன்றும் சொல்வதில்லை. அவளுக்கு அதெல்லாம் சந்தோசத்துக்கு என்று தெரியாது. அவள் கும்பிடுகிறாள், அவ்வளவுதான்.

சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "மணி மாமாவுக்கு என்ன ஆச்சு? போனாரா?"

அவள் கண்ணைப் பார்த்து முதலில் இருந்து சொல்ல எனக்குத் தெம்பில்லை. குறி கேட்டதையும் முனி சொன்ன இரண்டு வரியையும் மட்டும் சொன்னேன்.

அகப்பையை வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அப்ப என்னங்க கவல? சாமியே சொல்லிருச்சு. இந்நேரம் ஆப்பரேசன் முடிஞ்சிருக்கும்," என்றாள்.

ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு சத்தியம் வேண்டவில்லை. நான் சொன்னதை அப்படியே நம்பிய ஒரே ஆள் அவள். அவளை வரிசையில் நிறுத்தியிருந்தால் அண்ணன் இந்நேரம் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருப்பார். நான் தட்டை அருகில் இழுத்துக்கொண்டேன். அண்ணன் போகவில்லை என்பதை இன்னும் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது.